‘ஃப்ரவுன்’ பண்ணும் சிறுமி: ஜெர்மனில் நெற்றியைச் சுருக்குவதா, வாயைக் கோணுவதா?

எல்பக்கரை:

வணக்கம். ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவரும் படம் வரைந்தவரும் அமெரிக்கர்கள். நாலு வயசுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசித்துக்காட்டுகிற வகை, பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். அதில் விடாமல் வருகிற வினை ‘ஃப்ரவுன்’. சிறுமி எழுந்ததும் ஃப்ரவுன் பண்ணுகிறாள். கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்து, மழையைப் பார்த்து, தம்பியைப் பார்த்து என்று புத்தகம் முழுக்க இதேதான்.

எந்த அகராதியைப் புரட்டினாலும் ஜெர்மனில் ஒரே விடைதான் கிடைக்கிறது: ‘டீ ஷ்டிர்ன் ருன்ட்ஸெல்ன்’. நெற்றியைச் சுருக்குவது. பெரியவர்களுக்கான கதையில் அதை எழுதிவிட்டுப் போனால் யாரும் நின்று கேட்க மாட்டார்கள். இங்கே படம் இருக்கிறது. சிறுமியின் நெற்றி முழுக்க முன்முடி விழுந்திருக்கிறது, ஒரு பக்கத்திலும் புருவமே தெரியவில்லை. வாய் மட்டும் கவிழ்த்துவைத்த பிறை மாதிரி இரண்டு ஓரமும் கீழே இறங்கி இருக்கிறது. வாசிக்கிறவர் “நெற்றியைச் சுருக்கினாள்” என்பார், குழந்தை படத்தில் விரலை வைத்து நெற்றியைத் தேடும்.

அகராதி பக்கம் நிற்பதா, படத்தின் பக்கம் நிற்பதா? இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூழாங்கல்:

சென்னையில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். அகராதி சொல்வது சரிதான். ‘ஃப்ரவுன்’ என்றால் புருவத்தை நெரித்து நெற்றியைச் சுருக்குவது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இன்றைக்கும் அதுதான் பொருள். கோபத்துக்கும் வரும், ஆழ்ந்து யோசிக்கும்போதும் வரும். ஜெர்மன் சொல்லும் அச்சு அசலாக அதே வேலையைச் செய்கிறது. இத்தனை பொருத்தமான இணை இரண்டு மொழிகளுக்கு நடுவே எப்போதாவதுதான் கிடைக்கும். ஓவியர் புருவம் வரையவில்லை என்பதற்காக அதை ஏன் விட வேண்டும்?

வெட்டுக்கிளி:

சார், நான் ஒஹாயோவில் இருக்கிறேன். இங்கே ஒரு பள்ளிக் குழந்தையிடம் “ஃப்ரவுன் பண்ணிக் காட்டு” என்றால் வாயைத்தான் கீழே இழுக்கும். பெரியவர்களில் பலரும் அப்படித்தான். பிரிட்டனில் வளர்ந்த என் சக ஊழியருக்கு இது விளங்கவே இல்லை. அவருக்கு ஃப்ரவுன் என்றால் புருவம் மட்டும்தான்.

கணினியில் இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. 1982 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கணினி வழி அறிவிப்புப் பலகையில், கணினி ஆய்வாளர் ஸ்காட் ஃபால்மன் இரண்டு முகக் குறிகளை முன்வைத்தார். முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி. ஒன்று வேடிக்கைக்கு, மற்றது வேடிக்கை இல்லை என்று காட்ட. பிறகு இரண்டாவதை எல்லோரும் சோகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். யூனிகோடில் வாய் கவிழ்ந்த வெள்ளை முகத்தின் அதிகாரப்பூர்வப் பெயரே ‘வைட் ஃப்ரவுனிங் ஃபேஸ்’தான். அந்த முகத்தில் இரண்டு கண், ஒரு வாய், அவ்வளவுதான். புருவம் கிடையாது. நெற்றியில்தான் ஃப்ரவுன் இருக்கிறது என்றால் அந்தப் பெயருக்கே இடமில்லை.

அழுகிற குழந்தையிடம் இங்கே “அந்த ஃப்ரவுனைத் தலைகீழாகத் திருப்பு” என்று கொஞ்சுவார்கள். தலைகீழானால் புன்னகை ஆகும் என்பது கணக்கு. வாய்க்குத்தான் அது பொருந்தும்.

எல்பக்கரை:

வெட்டுக்கிளி, அந்தத் தலைகீழ் விஷயத்தை நினைவில் வையுங்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு வருகிறேன்.

கூழாங்கல்:

அமெரிக்காவிலும் நெற்றிப் பொருள் சாகவில்லை தம்பி. போடாக்ஸ் ஊசிக்கு 2002-இல் அங்கே அழகு சிகிச்சைக்கான அனுமதி கிடைத்தது, புருவங்களுக்கு நடுவே விழும் கோடுகளுக்காக. விளம்பரங்களில் அந்தக் கோடுகளுக்குப் பெயர் ‘ஃப்ரவுன் லைன்ஸ்’. வாயோரம் பற்றி அதில் பேச்சே இல்லை.

ஜெர்மனில் அதே கோட்டுக்குப் பெயர் ‘ட்ஸோர்னெஸ்ஃபால்ட்டெ’, கோப மடிப்பு. நெற்றியின் குறுக்கே ஓடுவது ‘ஸோர்கென்ஃபால்ட்டென்’, கவலை மடிப்புகள். கண்ணோரம் இருப்பவை ‘லாஹ்ஃபால்ட்டென்’, சிரிப்பு மடிப்புகள். மடிப்புக்கு எது காரணமோ அதை வைத்தே பெயரிடுகிறார்கள். எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது, வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

மஞ்சள்_பென்சில்:

மெய்ப்புத் திருத்துவது என் தொழில், அந்தக் கோணத்தில் சொல்கிறேன். இது ஒரே சைகைக்கு இரண்டு பெயர் என்ற விவகாரம் இல்லை, ஒரே பெயரில் இரண்டு சைகை என்ற விவகாரம். முகத்தில் வேலை செய்கிற தசைகளே வேறு. எக்மன், ஃப்ரீசன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1978-இல் முகபாவங்களைத் தசை வாரியாகப் பிரித்து எண் கொடுத்தார்கள். புருவத்தை இறக்கி நெருக்குவது எண் 4. வாயோரத்தைக் கீழே இழுப்பது எண் 15. இரண்டும் சேர்ந்தும் வரலாம், தனித்தனியாகவும் வரலாம்.

இன்னும் பின்னால் போனால் டார்வின். உணர்ச்சிகள் முகத்தில் வெளிப்படுவதைப் பற்றி அவர் 1872-இல் எழுதிய நூலில் வாயோரம் இறங்குவதைத் துயரத்தைப் பேசும் 7-ஆம் அத்தியாயத்தில் வைத்தார். புருவம் நெரிவதை 9-ஆம் அத்தியாயத்தில் வைத்தார், அது யோசனையும் சிடுசிடுப்பும் பற்றியது. அவர் ஃப்ரவுன் என்று எழுதியது இந்த இரண்டாவதை மட்டும்தான். மனசு ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதோ ஒன்று தடுக்கினால், முட்டுக்கட்டை விழுந்தால், புருவம் நெரியும் என்பது அவர் விளக்கம். சோகத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

அந்த நூலை யூலியுஸ் விக்டர் காருஸ் அதே 1872-இல் ஜெர்மனாக்கி, அது ஷ்டுட்கார்ட்டில் வெளிவந்தது. பக்கத்துக்குப் பக்கம் முகச்சுளிப்பும் தோள்குலுக்கலும் உதட்டுப் பிதுக்கலும்தான் அதில் பொருளே. அந்த வேலையை அவ்வளவு சீக்கிரம் முடித்தவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆகவே அக்கா, உங்கள் சிறுமி செய்வது 15. ‘ஷ்டிர்ன் ருன்ட்ஸெல்ன்’ என்பது 4. அதை எழுதக் கூடாது.

நடுராத்திரி_வாசகன்:

புரிகிறது, ஆனால் படம் இல்லாத புத்தகத்தில் எது 4, எது 15 என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாவலில் “அவள் ஃப்ரவுன் பண்ணினாள்” என்று மட்டும்தான் இருக்கும்.

மஞ்சள்_பென்சில்:

அக்கம்பக்கத்து வரிகளைப் பாருங்கள். கையில் கடிதமோ கணக்கோ வரைபடமோ இருந்தால் நெற்றிதான். “சொன்னது விளங்காமல்”, “நினைவுபடுத்திப் பார்த்து” என்று வந்தாலும் நெற்றிதான். ஏமாற்றம், அழுகை, குழந்தைகளிடம் கொஞ்சல் என்று இருந்து, எழுதியவர் அமெரிக்கராகவும் இருந்தால் வாயாக இருக்கலாம். பிரிட்டிஷ்காரர் எழுதியது, அதுவும் பழைய நாவல் என்றால் யோசிக்கவே வேண்டாம், நெற்றி. எழுத்தாளர் உயிரோடு இருந்தால் கேட்டுவிடுவது இன்னும் நல்லது. பல பேர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

டோர்ட்முண்ட்_வாசி:

அக்கா, நான் டோர்ட்முண்டில் ஒரு கீட்டாவில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் நிலையத்தில், வேலை செய்கிறேன். மூன்றிலிருந்து ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் புத்தகம் வாசித்துக் காட்டுவது எங்கள் வேலையில் ஒரு பகுதி. ஜேர்மன் பிள்ளைகள் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். வரியும் படமும் ஒத்துவராவிட்டால் அந்தப் பக்கத்தைத் திருப்பவே விடமாட்டார்கள், “எங்கே, எங்கே” என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் பயப்படுவது நூற்றுக்கு நூறு சரி.

பிள்ளைகள் வாயை வைத்துச் செய்யும் சேட்டைக்கு ஜேர்மனில் கனக்கச் சொற்கள் இருக்கின்றன. ‘ஷ்னூட்டெ’ இழுப்பது என்றால் உதட்டை முன்னுக்குப் பிதுக்குவது. ஐஸ்கிறீம் கிடைக்காத பிள்ளை செய்வது அது. உங்கள் சிறுமி பிதுக்கவில்லை என்றால் அந்தச் சொல் வேண்டாம். ‘ஃப்ளுன்ஷ்’ இழுப்பது என்று இன்னொன்று இருக்கிறது, அழப்போகிற மாதிரி, முகம் கொடுக்காத மாதிரி வாயைக் கோணுவது. உங்கள் படத்துக்குக் கிட்ட வரும். ஆனால் அது வடக்குப் பக்கத்துச் சொல். தெற்கில் வளர்ந்த ஒரு தாய் வாசிக்கும்போது அந்த இடத்தில் நாக்குத் தடுக்கும்.

எல்லா இடத்திலும் செல்லுபடியாவது ‘முண்ட்விங்கெல்’தான். வாயின் மூலை. ‘முண்ட்விங்கெல்’ கீழே தொங்குகிறது என்று சொன்னால் மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும், உடனே தானும் செய்து காட்டும்.

கூழாங்கல்:

டோர்ட்முண்ட்_வாசி சொன்னதைப் பார்த்தபின் நெற்றியை இந்தப் புத்தகத்துக்கு வற்புறுத்த மாட்டேன். ஆனால் வேறொரு வழி ஏன் யாரும் பேசவில்லை? “அவள் சோகமாகப் பார்த்தாள்” என்று எழுதிவிடலாமே. எளிய வினை, சின்ன வாக்கியம், குழந்தைக்குப் பழக்கமான சொல். படம் வாயைக் காட்டிக்கொள்ளும்.

மஞ்சள்_பென்சில்:

கூடாது சார். எழுத்தாளர் “சோகமாக இருந்தாள்” என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. சைகையை மட்டும் கொடுத்து, உணர்ச்சியைக் குழந்தையிடமே விட்டிருக்கிறார். கஞ்சிக் கிண்ணத்தின் முன் அவளுக்கு இருப்பது சோகமா, அலுப்பா, பிடிவாதமா? மடியில் இருக்கும் பிள்ளை கண்டுபிடிக்கட்டும். மொழிபெயர்ப்பாளர் முந்திக்கொண்டு பதில் சொன்னால் அந்தப் பக்கத்தில் குழந்தைக்கு வேலை இல்லாமல் போய்விடும். சைகையைச் சைகையாகத்தான் கொண்டுபோக வேண்டும், அதிலும் படக்கதையில்.

கூழாங்கல்:

பெரியவர்களுக்கான எழுத்தில் நான் இதை ஏற்க மாட்டேன். அங்கே சைகை பல சமயம் வெறும் வழக்குச் சொல்லாகக் கிடக்கிறது, உடம்பு அதில் அசைவதே இல்லை. “சமூகத்தில் ஃப்ரவுன் பண்ணப்படும் செயல்” என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள். அதில் யாருடைய நெற்றியும் சுருங்குவதில்லை, யாருடைய வாயும் கோணுவதில்லை. ஜெர்மனில் அதற்கு ‘நிஷ்ட் கெர்ன் கெஸேயென்’, விரும்பிப் பார்க்கப்படாதது என்று எழுத வேண்டும். குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சிவப்பு விளக்கில் சாலையைக் கடப்பது ஜெர்மனியில் அப்படிப்பட்ட செயல். இங்கே போய் நெற்றியைக் கொண்டுவந்தால் ஜெர்மன்காரருக்குச் சிரிப்பு வரும்.

எதிர்த் திசையிலும் இதேதான். ஜெர்மன் நாளிதழ்களில் ஒரு அமைச்சரின் பேச்சு ‘ஷ்டிர்ன்ருன்ட்ஸெல்ன்’ உண்டாக்கியது என்று அடிக்கடி வரும். பலருக்கு அது உறுத்தியது, சந்தேகம் எழுந்தது என்று பொருள். ஆங்கிலத்தில் அதற்குப் புருவங்கள் உயர்ந்தன என்பார்கள். ஜெர்மனில் கீழே இறங்கி நெருங்கிய புருவம் ஆங்கிலத்தில் மேலே போகிறது. தசையை மாற்றாமல் மொழிபெயர்க்க வழியே இல்லை.

மஞ்சள்_பென்சில்:

அதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன் சார். உடம்பு அசைகிறதா, இல்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். அசைந்தால் உறுப்பை விடக் கூடாது. அசையவில்லை என்றால் உறுப்பைப் பற்றிக் கவலைப்படக் கூடாது.

வெட்டுக்கிளி:

தோளைக் குலுக்குகிற ‘ஷ்ரக்’ எப்படி? ஜெர்மன் கற்றுக்கொள்ள ஆரம்பித்தபோது அதற்கு ‘அக்ஸெல்ட்ஸுக்கென்’ என்ற சொல்லைப் பார்த்துத் திகைத்துப் போனேன். ‘அக்ஸெல்’ என்றால் அக்குள் என்றுதான் படித்திருந்தேன்.

கூழாங்கல்:

அக்குளும்தான், தோளும்தான். அன்றாடப் பேச்சில் அக்குள் முந்திக்கொண்டது, தோள் என்ற பொருள் இந்த மாதிரித் தொடர்களில் தங்கிவிட்டது. தோளுக்கு இன்றைய சொல்லான ‘ஷுல்ட்டெர்’ போட்டும் எழுதலாம், இரண்டும் வழக்கில் இருக்கிறது. கவனிக்க வேண்டியது வினையைத்தான். ‘ட்ஸுக்கென்’ என்றால் வெடுக்கென்று துடிப்பது. ஆங்கில ஷ்ரக் மெதுவாகவும் நடக்கலாம். ஒரு கிழவர் யோசித்து யோசித்துத் தோளை ஏற்றி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து இறக்குகிறார் என்றால் ‘ட்ஸுக்கென்’ அங்கே ஒட்டாது. தோளை மெல்ல உயர்த்தினார் என்றே ஜெர்மனில் எழுத வேண்டும்.

டோர்ட்முண்ட்_வாசி:

விரல் கோர்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நல்லது நடக்க வேண்டும் என்று நடுவிரலைச் சுட்டுவிரலின் மேல் ஏற்றுவார்கள். ஜேர்மனில் அதற்குக் கட்டைவிரலை உள்ளுக்கு மடக்கி மற்ற விரல்களால் அமுக்குவது. ‘டௌமென் ட்ருக்கென்’. ஜேர்மன் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் விரலைக் கோர்த்தால் சொல்லப்போவது பொய் என்று அர்த்தம். ஆங்கிலப் பிள்ளைகளுக்கும் அந்த வழக்கம் இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் நல்ல பொருளும் கூடவே இருக்கிறது. அதனால் அம்மா பரீட்சைக்குப் போகிற மகளுக்காக விரல் கோர்த்தாள் என்று அப்படியே ஜேர்மனில் எழுதினால் அம்மாவின் மேல் ஒரு சந்தேகம் விழுந்துவிடும்.

மஞ்சள்_பென்சில்:

கட்டைவிரலை அமுக்குவது மிகப் பழையது. முதல் நூற்றாண்டு ரோமில் பிளினி என்ற எழுத்தாளர், ஒருவருக்கு நல்லது நினைக்கும்போது கட்டைவிரலை அமுக்கச் சொல்லிப் பழமொழியே இருக்கிறது என்று எழுதிவைத்திருக்கிறார்.

எல்பக்கரை:

எல்லோருக்கும் நன்றி. கடைசிப் பக்கத்தைச் சொல்கிறேன் என்றேனே, இதுதான். சிறுமி விளையாட்டுத் திடலில் கம்பியில் முழங்காலை மடக்கி மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகிறாள். வாய் அப்படியே இருக்கிறது, ஓவியர் ஒரு கோட்டையும் மாற்றவில்லை. ஆனால் பார்க்கிற நமக்கு அவள் சிரிக்கிறாள். வெட்டுக்கிளி சொன்ன அந்த அமெரிக்கக் கொஞ்சலைத்தான் ஆசிரியர் கதையாகவே ஆக்கியிருக்கிறார். முதல் பக்கத்திலிருந்து வந்த ஒவ்வொரு ஃப்ரவுனும் இந்தப் படத்துக்காகத்தான்.

கூழாங்கல் சாரின் “சோகமாகப் பார்த்தாள்” இங்கே உடைந்துவிடும், சோகத்தைத் தலைகீழாக்க முடியாது. நெற்றியும் உதவாது. டோர்ட்முண்ட்_வாசி கொடுத்த ‘முண்ட்விங்கெல்’தான் கைகொடுத்தது. அவற்றோடு சேர்த்து ‘ஹெங்கென்’ என்ற வினையை வைத்தேன், தொங்குவது. முதல் பக்கத்தில் வாயின் மூலைகள் தொங்குகின்றன. கடைசிப் பக்கத்தில் அவளே தொங்குகிறாள், மூலைகள் இப்போது மேல்நோக்கித் தொங்குகின்றன. ஆங்கில மூலத்தில் இந்த இரட்டைத் தொங்கல் இல்லை. ஜெர்மன் தானாகக் கொடுத்தது இது. தமிழில் சொல்லிப் பார்த்தேன், இங்கேயும் அச்சாக உட்காருகிறது.

ஒரே குறை நீளம். ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் முடிகிற வாக்கியம் ஜெர்மனில் ஐந்து சொல் ஆகிறது. அது அத்தனை முறை வரும்போது வாசிக்கிறவருக்கு மூச்சு வாங்கும்.

டோர்ட்முண்ட்_வாசி:

நீளம் நல்லது அக்கா. திரும்பத் திரும்ப வருகிற நீளமான வரியைத்தான் பிள்ளைகள் மனப்பாடம் ஆக்கி எங்களோடு சேர்ந்து சொல்லுவார்கள். மூன்றாம் தரம் வரும்போது நான் நிறுத்திவிடுவேன், அவர்கள் முடிப்பார்கள். அதை வெட்டாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு எழுத்தும் மாறாமல் வைத்திருங்கள்.

எல்பக்கரை:

சரி, அப்படியே வைக்கிறேன். பதிப்பகத்துக்கு அனுப்பும் குறிப்பில் ஏன் நெற்றி இல்லை என்று ஒரு பத்தி சேர்க்கிறேன். இல்லாவிட்டால் சரிபார்க்கிறவர் அகராதியைப் பார்த்து ‘ஷ்டிர்ன்’ என்று மாற்றிவிடக்கூடும்.

நடுராத்திரி_வாசகன்:

இழை முடிவதற்குள் எனக்கு ஒன்று. பயிற்சிக்காக ஒரு ஆங்கிலச் சிறுகதையை ஜெர்மனில் எழுதிப் பார்க்கிறேன். பேரன் “வழி எப்படித் தாத்தா ஞாபகம் இருக்கு?” என்று கேட்கிறான். தாத்தா சிரித்துக்கொண்டே சுட்டுவிரலால் தன் நெற்றிப்பொட்டில் தட்டுகிறார். ‘ஷ்டிர்ன்’ போட்டு எழுதினேன், சரியா?

கூழாங்கல்:

மாற்றுங்கள். ஜெர்மனில் விரலால் நெற்றியைத் தட்டிக் காட்டினால் எதிரில் இருப்பவருக்குப் பைத்தியம் என்று அர்த்தம். ‘பறவையைக் காட்டுவது’ என்றும் சொல்வார்கள், தலைக்குள் பறவை குடியிருக்கிறது என்ற பழைய நம்பிக்கையோடு சேர்த்துச் சொல்லும் வழக்கு. காரோட்டிகள் ஒருவருக்கொருவர் அதைக் காட்டிவிட்டு வழக்கில் மாட்டிக்கொள்வதும் உண்டு, தண்டனைச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, அவமதிப்பு. உங்கள் தாத்தா பேரனைப் பார்த்து அதைச் செய்தால் கதையே திரும்பிவிடும்.

நெற்றிப்பொட்டுக்கு ஜெர்மனில் தனிச் சொல் இருக்கிறது, ‘ஷ்லேஃபெ’. விரல் அங்கே போனால் “எல்லாம் மண்டைக்குள் இருக்கிறது” என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு, ஆனால் அதுவும் கத்திமேல் நடப்பதுதான். அடுத்த வரியில் தாத்தா ஏதாவது பேசுகிறாரா?

நடுராத்திரி_வாசகன்:

“எல்லாம் இங்கே இருக்குடா” என்கிறார்.

கூழாங்கல்:

அப்படியானால் ‘ஷ்லேஃபெ’ போதும். விளக்கமாக வேறொன்றும் சேர்க்காதீர்கள். சிரிப்பை மட்டும் தட்டுவதற்கு முன்னால் கொண்டுவந்து வையுங்கள், ஜெர்மன் வாசகர் விரலைப் பார்ப்பதற்குள் முகத்தைப் பார்த்திருப்பார்.